தம்பி பங்குக்குப் போன மேகசின்கள்

அப்பாவின் சாமான்களைப் பங்கு வைத்த அன்று வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: மூத்தவன் பிலிப்பாகிய நான், என் மனைவி இசபெல்லா, என் தம்பி டென்னிஸ், எங்கள் தங்கை லிடியா, கோயில் உபதேசியார் சூசை. வேறு எவரும் இல்லை. 'நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்' என்று இன்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை ஏற்றுவதற்குக் கரும்பு டிராக்டர் ஒன்று போதாது. அவர்களில் ஒருவர்கூட அன்று எங்கள் வாசலில் செருப்பு விடவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிரிக்க முடியாத சாமானையும் பிரிப்போம். ஆட்டுக்கல் மூத்தவனுக்கென்றால் குழவி இளையவனுக்கு. ஏர் ஒருவனுக்கு, நுகத்தடி மற்றவனுக்கு. மாவு ஆட்ட வேண்டுமென்றாலும் உழவு ஓட்ட வேண்டுமென்றாலும் ஒருவன் வாசலை மற்றவன் மிதித்துத்தான் ஆக வேண்டும். அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போய்விடக் கூடாது என்று முன்னோர் நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு. அவர்கள் டென்னிஸைப் பார்த்ததில்லை.

அப்பா ஆரோக்கியம் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளம் கழித்து விற்ற பழைய கைத்துப்பாக்கி ஒன்றை முறையாக உரிமம் எடுத்து வாங்கி வைத்திருந்தார். வெளிநாட்டில் செய்தது. செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். அப்பா அதை யார்மீதும் நீட்டியதில்லை. ஆனால் அது வீட்டில் இருப்பது ஊருக்குத் தெரியும். எங்கள் வாசலில் நின்று எவனும் குரல் உயர்த்தியதில்லை.

தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகுகிற இரும்புக் கூடுதான் மேகசின். அது இல்லாத துப்பாக்கி ஆணி அடிக்கக்கூட உதவாது. அப்பாவிடம் இரண்டு மேகசின்கள் இருந்தன. இரண்டின் அடியிலும் ஆணியால் 'ஆ' என்று கீறி வைத்திருந்தார்.

உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "துப்பாக்கி பெரியவருக்கு. மேகசின் ரெண்டும் சின்னவருக்கு. வழக்கம்னா வழக்கந்தான்."

மேகசினும் ஆயுதத்தின் பகுதிதான், உரிமம் இல்லாதவன் வைத்திருந்தால் வழக்கு வரும் என்பது உபதேசியாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூத்தவனே வழக்கத்தை முறித்தான் என்ற பேச்சு வருவதை நான் விரும்பவில்லை. டென்னிஸ் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கச்சிராயபாளையத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனான். உரிமம் என் பெயருக்கு மாறியபோது கொண்டுவந்து கொடுத்தான்; நான் அதிகாரியிடம் காட்டித் திரும்பியதும் மறுபடி எடுத்துப் போனான். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் மகள் ஷைனியின் நிச்சயதார்த்தத்தில்தான் அவன் வாயைத் திறந்தான்.

மாப்பிள்ளை வீட்டார் கடலூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது, "சுபேதாரோட பிஸ்டல் உங்க கையில இருக்குதாமே, கண்ணால பாக்கலாமா சம்பந்தி?" என்று கேட்டார். பெருமையாகத்தான் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"மேகசின் எங்கங்க?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து டென்னிஸ் சொன்னான்: "அது எங்கிட்ட இருக்குது மாமா. எங்க அண்ணங்கிட்ட இருக்கிறது வெறும் தோலு. என்னைக் கேக்காம அவரால காக்கா கூட ஓட்ட முடியாது."

கூடம் முழுவதும் சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தான். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

"சும்மா தமாசுக்குச் சொன்னாருங்க" என்று இசபெல்லா அன்று மாலை சொன்னாள்.

"சம்பந்தி முன்னாடி அப்பா துப்பாக்கிய வச்சுத் தமாசு பண்றவன் எனக்குத் தம்பி இல்ல" என்றேன். அன்றே முடிவு செய்தேன். அவனிடம் இனி எதையும் கேட்பதில்லை. அவன் கையில் இருக்கும் பங்கு செல்லாக்காசாக வேண்டும். அதை அவனே தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும்.

உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. கள்ளக்குறிச்சியில் அதிகாரி துப்பாக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, மேகசின் எங்கே என்று கேட்டார். தம்பியிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டென்னிஸ் அரசுப் பள்ளியில் எழுத்தர். அன்றைக்கே வேலை போயிருக்கும், கம்பி எண்ணியிருப்பான். அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வழக்கு என்று எழுதினால், இன்னார் மகன் என்று அப்பாவின் பெயரையும் எழுதுவார்கள். சுபேதார் ஆரோக்கியத்தின் பெயர் காவல் நிலையத்தில் அந்த மாதிரி ஏறுவதற்கு நான் காரணமாக மாட்டேன்.

"வாங்கி வருகிறேன்" என்றேன். அது பொய்யில்லை.

"முழுசாக் கொண்டாங்க பெரியவரே. இல்லன்னா உரிமத்தை ரத்து பண்ணித் துப்பாக்கிய நாங்க எடுத்துக்க வேண்டியதா பூடும்" என்றார். எடுத்துக்கொண்டால் என்றாவது உருக்கிவிடுவார்கள். அவர்மேல் தவறில்லை, சட்டம் அது.

லிடியா காதுக்கு இது எட்டியது. நான் அனுப்பாமலே அவளாக டென்னிஸ் வீட்டுக்குப் போய்விட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"பெரியண்ணா, சின்னண்ணன் தரேன்னு தான் சொல்லுது."

"சும்மாவா?"

அவள் முந்தானையை முறுக்கினாள். "நீங்க வந்து கேக்கணுமாம்."

"எங்க வந்து?"

"அவரு வூட்டு வாசப்படில நின்னு கேக்கணுமாம். உள்ள கூப்பிட மாட்டாராம். நின்னுக்கினே கேக்கணுமாம்."

"துப்பாக்கியை உருக்கினாலும் உருக்கட்டும்" என்றேன். உருக்க விடுவதாக இல்லை.

வேறு மேகசின் தேட ஆரம்பித்தேன். விழுப்புரத்தில் விசாரித்தேன். சென்னையில் உரிமம் பெற்ற ஆயுதக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். எல்லாரும் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள், பிறகு கையை விரிப்பார்கள். வேறு கம்பெனி மேகசின் பக்கத்து வீட்டுச் சாவி மாதிரி. பாதிவரை போகும், அங்கேயே நின்றுவிடும். ஒரு கடைக்காரர் அராவிப் பொருத்தித் தரட்டுமா என்று கேட்டார். என் அப்பாவின் துப்பாக்கிக்கு ஒட்டுப்போட வரவில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் சேலத்தில் தீனதயாளன் கடை. வழுக்கைத் தலை, காதில் பென்சில். துப்பாக்கியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார், இதோட பங்காளி ஒண்ணு என் கடையிலயே கெடக்குது."

"எப்படி?"

"ஒரே லாட்ல பட்டாளத்துல வாங்கினது. கல்வராயன் மலைக்காரர் ஒருத்தர், குப்பன்னு பேரு. அவரு செத்தப்புறம் வூட்டுக்காரம்மா முறையா கொண்டாந்து டெபாசிட் பண்ணிட்டாங்க. துப்பாக்கிக் குழாய் வாய் பிளந்துபோச்சு, இனி சுட ஆவாது. மேகசின் ரெண்டும் கல்லு மாதிரி கீது."

"கொடுங்கள்."

"எங்கெருந்து குடுக்கிறது? அது அவங்களுது. அந்தம்மா சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அனுமதி வாங்கி உங்க உரிமத்துல ஏத்திக் குடுத்துடலாம். சம்மதிப்பாங்களான்னு தெரியல. மின்ன ஒருத்தருக்கு மாட்டேன்னுட்டாங்க."

குப்பன் என்ற பெயரை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பாவின் கீழ் சிப்பாயாக இருந்தவர். வீட்டுக்கு வந்து இசபெல்லாவிடம் சொன்னேன். லிடியாவும் அங்கே இருந்தாள். மறுநாளே கிளம்பியிருக்க வேண்டும். சளி பிடித்து நாலைந்து நாள் படுத்துவிட்டேன்.

கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி மலை ஏறினேன். டென்னிஸ் வீட்டுத் தெருமுனையில்தான் பஸ் நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெள்ளிமலையில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். குப்பனின் மனைவி சாமியம்மாள் சாமைக்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என் வயதிருக்கும். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னொருத்தனா?"

"என்னம்மா?"

"போன வாரம் கண்ணாடி போட்டவன் ஒருத்தன் வந்தான். அதே மூக்கு, அதே நெத்தி. நீ அவன் அண்ணனா?"

எனக்குக் காது சூடானது. "என்ன கேட்டான்?"

"மேகசின கேட்டான். உரிமம் கீதாடான்னேன். இல்லன்னான். அப்பறம் இன்னாத்துக்குடா ஒனக்குன்னேன். அப்ப நீங்களே வச்சிக்கங்க, எங்க அண்ணன் வந்தா மட்டும் குடுக்காதீங்கன்னான்." அவள் களைக்கொட்டை மண்ணில் குத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். "ஒருத்தன் வேலையத்துப் போய் மலை ஏறி வந்து குடுக்காதன்னு சொல்றான்னா, அது குடுக்க வேண்டிய சாமான்தான்னு நெனச்சிக்கினேன்."

நான் பையிலிருந்து சம்மதத் தாளை வெளியே எடுத்தேன்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லு. துப்பாக்கிக்கு வாங்கறியா, தம்பி மேல கீற கோவத்துக்கு வாங்கறியா?"

"இரண்டுக்கும்தான்."

அவள் பல் தெரியச் சிரித்தாள். "துப்பாக்கிக்குன்னு மட்டும் சொல்லியிருந்தா எறங்கிப் போடான்னு சொல்லியிருப்பேன். அதோ, அந்தப் பலாமரத்துக்கு அந்தாண்ட கீதே கொல்ல, எங்க வூட்டுக்காரரோட பங்காளியுது. எங்க வரப்ப அறுத்து அறுத்துத் தன் பக்கம் இழுத்துக்கினான். அவன் செத்தப்ப ஊரே எழவுக்குப் போச்சு. நான் இங்க நின்னு களை எடுத்துக்கினு இருந்தேன். பாட்டு வேற பாடினேன்."

"நல்லது" என்றேன்.

"நல்லது இன்னா நல்லது? களை ஜாஸ்தியா இருந்துச்சு" என்றாள். பிறகு சொன்னாள்: "உங்க அப்பாரு எங்க வூட்டுக்காரரு சாவுக்கு மலையேறி வந்தாரு. வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சாரு. அதுக்குத்தான் தரேன். உங்க சண்டைக்கு இல்ல."

தீனதயாளன் எழுதிக் கொடுத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டாள். விலை பேச வாயெடுத்தேன். "சல்யூட்டுக்கு வெல போடாத" என்று களைக்கொட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அனுமதி வந்தது. குப்பனின் மேகசின்கள் இரண்டும் என் உரிமத்தில் ஏறின. கள்ளக்குறிச்சியில் அதிகாரி செருகிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், முத்திரை வைத்தார். நான் வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். நான் கடைத்தெருவில் டீ குடிக்கிறவன் இல்லை. அன்று குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் லிடியாவை அழைத்தேன். அவள் வாயில் போடுவது தபாலில் போடுவதைவிட விரைவாகப் போய்ச் சேரும் என்பதை இப்போது அறிந்திருந்தேன்.

"உன் சின்னண்ணனிடம் இப்படியே சொல். என் துப்பாக்கி முழுசாக இருக்கிறது. என் உரிமத்தில் இரண்டு மேகசின், இரண்டும் என் பீரோவில். அவன் வீட்டில் ஏதாவது இரும்பு கிடந்தால் அதற்கும் இந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்."

லிடியாவுக்கு முகம் வெளுத்தது. "பெரியண்ணா, யாராவது போட்டுக் குடுத்தா அவரு வேல பூடுமே."

"காக்கா ஓட்டட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே பூசை முடிந்த கையோடு வந்தான். உபதேசியாரையும் லிடியாவையும் துணைக்குக் கூட்டி வந்திருந்தான். கையில் அதே கைக்குட்டை. கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சனங்கள் தெருவில் நடை தளர்த்தினார்கள். நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"உள்ள வாங்க தம்பி" என்றாள் இசபெல்லா.

"அங்கேயே நிற்கட்டும்" என்றேன்.

படியில் நின்றான். "அண்ணா, இத எடுத்துக்கோங்க."

"எதை?"

"அப்பாவுத."

"அது அப்பாவுது இல்ல. பங்கு வச்ச அன்னிக்கே உன்னுது."

"என் வூட்ல வச்சிருக்க முடியாதுண்ணா. எம் பொண்டாட்டி ராத்திரியில தூங்க மாட்டேங்கறா. கெணத்துல போட்டுடட்டுமான்னு கேக்கறா."

"போடு."

"அப்பா எழுத்து இருக்குதுண்ணா அதுல."

உபதேசியார் குறுக்கே வந்தார்: "பெரியவரே, சேசுவே எழுபது தரம் ஏழு தரம் மன்னிக்கச் சொன்னாரு."

"மன்னிப்புக் கேட்டவனை மன்னிக்கலாம் உபதேசியாரே. இவன் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை."

டென்னிஸ் என்னைப் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்தான். தெருவில் நல்ல கூட்டம்.

"இன்னா கேக்கணும்?"

"கடலூர்க்காரங்க முன்னாடி கூடம் முழுக்கக் கேக்கற மாதிரி பேசின இல்ல? அந்தக் குரல்லயே கேளு."

அவன் கண்ணாடிக்குள் கண் சிவந்தது. திரும்பிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. குரலை உயர்த்தி, "அண்ணா, நான் பேசினது தப்பு. இத வாங்கிக்கினு என்னக் காப்பாத்துங்க" என்றான். முனை வீடுவரை கேட்டிருக்கும்.

"நாளைக்குச் சேலம் கடைக்குப் போகிறேன். நீயும் வருகிறாய்" என்றேன். கைக்குட்டையை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். உள்ளே வா என்று அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் தீனதயாளன் கைக்குட்டையைப் பிரித்ததும் முகம் மலர்ந்தார். உரிமம் ஏறிய துப்பாக்கியோடு பிறந்த மேகசின்கள் என்பதால், எழுதிக் கொடுத்து ஒப்படைத்தால் சிக்கல் வராமல் முடித்துவிடலாம் என்றார். பிறகு நான் துப்பாக்கியோடு எடுத்துப் போயிருந்த குப்பனின் மேகசின்களை ஒரு பக்கமும் இவற்றை மறுபக்கமும் வைத்தார்.

"சார், நான் ஒண்ணு சொல்றேன். இதுதான் உங்க பிஸ்டலுக்குன்னே செஞ்சது. வெண்ணெயில கத்தி போற மாதிரி போவும். இத ஏத்திக்கினு அந்த மலைக்காரருத கழிச்சுடலாம். ஒரு வாரம் ஆவும், அவ்ளோதான்."

டென்னிஸ் வேகமாகச் சொன்னான்: "ஆமாண்ணா. அப்பா எழுத்து இருக்குது. உங்ககிட்டயே இருக்கட்டும். நான் இனிமே கேக்கவே மாட்டேன்."

அவனே கொடுக்கிறான். அதுதான் எனக்கு உதைத்தது. நான் எதை வைத்துக்கொண்டாலும், நான் கொடுத்ததுதான் அண்ணனிடம் இருக்கிறது என்று எங்காவது ஒரு நிச்சயதார்த்தத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டே சொல்வான்.

"இதைக் கழித்துவிடுங்கள்" என்றேன்.

"எத சார்?"

"எழுத்து இருப்பதை."

தீனதயாளன் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "பெரியவரே, அப்பா ஞாபகார்த்தம்..."

"துப்பாக்கி இருக்கிறது."

எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒப்புதல் வருவதற்குப் பிற்பகல் ஆகிவிட்டது. கடை ஆள் மேகசின்களைப் பிடிப்பானில் இறுக்கி வெட்டினான். முதலாவது சீக்கிரம் அறுந்தது. இரண்டாவது பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. 'ஆ' இருந்த பக்கம் மேலே வந்தது. ஆள் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். டென்னிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான். சாகும் தறுவாயில் அப்பாவுக்குச் சாமியார் இறுதி எண்ணெய் பூசியபோதுகூட அவன் இப்படி அழவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்காகத்தான் அவனை அழைத்து வந்தேன்.

துண்டுகளில் ஒன்றைக் கேட்டான். தரமுடியாது, விதியில் இடமில்லை என்று தீனதயாளன் சொல்லிவிட்டார்.

துப்பாக்கி என் பீரோவில் இருக்கிறது. குப்பனின் மேகசின் கொஞ்சம் இறுக்கம். முக்கால்வாசி போனதும் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டினால் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அது போதும். ஆனால் அந்தத் தட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இசபெல்லா அடுப்படியில் கையிலிருக்கும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிடுகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

சேலத்திலிருந்து நானும் டென்னிஸும் ஒரே பஸ்ஸில் வந்து கள்ளக்குறிச்சியில் இறங்கியதைப் பார்த்தவர்கள், அண்ணனும் தம்பியும் ராசியாகிவிட்டார்கள், பிலிப்பு தம்பி தோளில் கை போட்டுக்கொண்டு இறங்கினார் என்று கச்சிராயபாளையம்வரை சொல்லிவைத்திருக்கிறார்கள். ராசியாகவில்லை. அந்த நேரத்துக்கு அந்த ஒரு பஸ்தான் இருந்தது. அவன் முன்வாசலில் ஏறினான், நான் பின்வாசலில் ஏறினேன், டிக்கெட் தனித்தனியாக எடுத்தோம். நான் கை போட்டது பஸ் கம்பியின்மேல்.